டெம்போவோடு சிங்க் செய்த டிலே: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தது

டிலேயை (சத்தத்தைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் எஃபெக்ட்) பாட்டின் டெம்போவோடு, அதாவது வேகத்தோடு, சிங்க் செய்துதான் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். மேடையில் கிடார் பெடல், மிக்ஸ் செய்யும்போது ப்ளக்-இன். சிங்க் பட்டனை அழுத்தினால் பாதி வேலைதான் முடியும். எந்த நோட் அளவை வைக்கிறோம் என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

கணக்கு எளிது. 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்) வகுத்தால் ஒரு குவார்ட்டர் நோட்டின், பெரும்பாலான பாட்டுகளில் ஒரு அடியின், நீளம் மில்லி செகண்டில் வந்துவிடும். 120 பிபிஎம் என்றால் 500. அதில் பாதி, 250, எயித் நோட். எயித்தின் ஒன்றரை மடங்கு, 375, வைத்தால் டாட்டட் எயித்.

கிடாரில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த டாட்டட் எயித். 120 பிபிஎம்மில் எயித் நோட்டுகளாக வாசித்துக்கொண்டே போங்கள். முதல் எதிரொலி ஒவ்வொன்றும் இரண்டு நோட்டுகளுக்குச் சரியாக நடுவில் வந்து விழும். விரல் வாசிப்பது எயித், காதில் கேட்பது அதில் பாதி நீளமுள்ள சிக்ஸ்டீன்த். இதற்கு எதிரொலியின் சத்தம் நேரடி சத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். ஃபீட்பேக்கை (எதிரொலி எத்தனை முறை திரும்பும் என்ற அளவை) குறைத்து, ஒன்றிரண்டு முறை திரும்பி வந்தாலே போதும். அதற்கு மேல் போனால் கார்டு மாறும்போது பழைய கார்டின் சத்தம் புதியதன்மேல் ஏறிக்கொள்ளும். கையும் சீராக இருக்க வேண்டும். சற்றே பிசகினாலும் எதிரொலி அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிடும்.

குரலுக்கு வேறு கதை. குவார்ட்டர் நோட்டில் சிங்க் செய்தால் எதிரொலி பெரும்பாலும் டிரம்ஸ் அடியின் மேலேயே விழுந்து மறைந்துவிடும். தனியாகக் கேட்காது, ஆனால் டிலேயை மியூட் செய்தால் குரல் சட்டென்று வறண்டுவிடும். நிறைய வாத்தியங்கள் உள்ள பாட்டுக்கு எனக்கு அதுதான் வேண்டும். எதிரொலி தனியாகக் கேட்க வேண்டும் என்றால், வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்து நோட் அளவை வைக்கிறேன். எதிரொலியின் உச்ச ஒலியைக் குறைக்கும் ஹை கட், கீழ் ஒலியைக் குறைக்கும் லோ கட் இரண்டும் போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் 'ச', 'ஸ' எல்லாம் திரும்பத் திரும்பக் காதில் குத்தும்.

6/8 பாட்டில் கொஞ்சம் கவனம் தேவை. தாளம் மூன்று மூன்றாக நடக்கும்போது, குவார்ட்டர் நோட் டிலே இரண்டு இரண்டாக விழுந்து குறுக்கே ஓடும். டாட்டட் குவார்ட்டர் வைத்தால் தாளத்தோடு சேர்ந்து வரும்.

மேடையில் கிளிக் (காதில் ஓடும் மெட்ரோனோம் சத்தம்) இல்லாமல் வாசிக்கும் டிரம்மரோடு சேரும்போது, பெடலைக் காலால் தாளத்துக்குத் தட்டி வேகத்தைச் சொல்லும் டேப் டெம்போதான் கைகொடுக்கும். பல்லவி திரும்பும் இடத்தில் வேகம் கூடியிருக்கும், அங்கே மறுபடி தட்ட வேண்டும். பழைய எதிரொலி அடங்கிய பிறகு தட்டுவது நல்லது. அனலாக் டிலேயில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நேரத்தை மாற்றினால் சுருதி வழுக்கும். கிளிக்கோடு வாசிக்கும் மேடை என்றால், கருவிகளுக்கு வேகத்தைத் தானாக அனுப்பும் மிடி கிளாக் போதும். குவார்ட்டர் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும், காலால் தட்டும் வேலையே இல்லை.

80 முதல் 120 மில்லி செகண்ட் வரை வரும் ஸ்லாப்பேக்கை (சட்டென்று திரும்பும் குறுகிய எதிரொலி) மட்டும் நான் சிங்க் செய்வதில்லை. அது தாளமாகக் கேட்பதைவிட சத்தத்துக்குப் பருமன் கொடுப்பதாகவே எனக்குக் கேட்கிறது, அதனால் காதை நம்பியே வைக்கிறேன்.

வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் எதிரொலி வேண்டுமென்றால் டிலேயைத் தனி சேனலில் வைத்து, அந்தச் சொல்லில் மட்டும் சென்ட் அளவை (குரல் அந்தச் சேனலுக்கு எவ்வளவு போகிறது என்பதை) ஆட்டோமேஷனில், அதாவது மென்பொருளே தானாக மாற்றும்படி, ஏற்றி உடனே இறக்கிவிடுங்கள். பாட்டு முழுக்க டிலேயை ஓடவிடுவதைவிட வரிகள் தெளிவாகக் கேட்கும்.