ரைஸ்டாலின் காற்றாலை: காகிதமா, கேன்வாஸா, கைநகலா?

பழைய ஓவியம் ஒன்றின் நகலை வீட்டில் மாட்ட மூன்று வழி: காகித அச்சு, கேன்வாஸ் துணி அச்சு, கையால் வரைந்த ஆயில் பெயிண்டிங் நகல். மூன்றையும் விற்பவர்கள் 'மியூசியம் குவாலிட்டி' என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் மை என்ன, காகிதம் என்ன, பிரேமுக்குப் பின்னால் என்ன வைக்கிறார்கள் என்று கேட்பதே வழி.

டச்சு ஓவியர் யாக்கோப் வான் ரைஸ்டாலின் காற்றாலை ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். 1670 வாக்கில் வரைந்தது, 83 × 101 செ.மீ., ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. காப்புரிமைத் தொல்லை இல்லை. உயர் தெளிவுப் படத்தை அருங்காட்சியகமே இலவசமாகத் தருகிறது. 24 × 29 அங்குலத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சு வேண்டுமென்றால் கோப்பு 7200 × 8700 பிக்சலாவது இருக்க வேண்டும்.

ஆயில் பெயிண்டிங் நகலை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். காற்றாலையை எப்படியோ வரைந்துவிடுவார்கள். படத்தில் பாதிக்கு மேல் மேகம். சாம்பல் மேல் சாம்பலாக அடுக்கிய அந்த வானம் மலிவு நகல்களில் பஞ்சுமிட்டாய் ஆகிவிடும். நல்ல கை கிடைத்தால் வேறு கதை. ஆனால் அந்தக் காசுக்கு அந்த ஓவியரின் சொந்தப் படத்தையே வாங்கலாமே, சென்னைப் பக்கத்து ஓவியர் கிராமமான சோழமண்டலம் என்ன தூரமா?

கேன்வாஸ் அச்சுக்குக் கண்ணாடி வேண்டாம், எடை குறைவு, ஜன்னலுக்கு எதிரே மாட்டினாலும் பளபளக்காது. ஆனால் வலது கரையில் நடந்து வரும் மூன்று பெண்களைத் துணியின் நெசவு பாதி விழுங்கிவிடும். ஓரத்தைப் பக்கவாட்டில் மடித்து இழுக்கும் வகையில் படமும் கொஞ்சம் மறைந்துபோகும். சமையல் புகையும் தூசியும் படிந்தால் ஈரத்துணி போடவும் முடியாது.

என் ஓட்டு காகிதத்துக்கு: நூறு சதவீதப் பருத்தி, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவில், நிறத்துகள் கலந்த பிக்மென்ட் மை. கரைந்த சாயமான டை மை என்றால் வேண்டாம், சீக்கிரம் வெளுக்கும். அச்சைவிட பிரேமில்தான் கவனம் அதிகம் வேண்டும். பாரிமுனையோ மயிலாப்பூரோ, நம்மூர் பிரேம் கடைகளின் கை சாமி படத்துக்குப் பழகியது. கண்ணாடியைப் படத்தின் மேலேயே வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு அடித்து, பழுப்பு டேப் ஒட்டித் தந்துவிடுவார்கள். சென்னைப் புழுக்கத்தில் அச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பூஞ்சை வரும். படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டையான மவுண்ட் போர்டை, அமிலமில்லாததாக வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடச் சொல்லுங்கள். படத்தை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டட்டும். ஈரத்தில் காகிதம் விரியும், நாலு பக்கமும் ஒட்டினால் அலையலையாக வளையும். "இதெல்லாம் எதுக்கு சார்?" என்பார் கடைக்காரர். சிரித்துக்கொண்டே திரும்பச் சொல்லுங்கள்.

சட்டம் தேக்கோ, செயற்கை மோல்டிங்கோ சரி. மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊதும். பின்பக்கக் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். பாத்ரூமை ஒட்டிய சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம்.