எறும்பு ஜெல்: சமையலறைக்குச் சரி, காருக்கு அரைகுறை

ஊசிக்குழலில் அடைத்து விற்கப்படும், 0.03 சதவீத இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி கலந்த இனிப்பு ஜெல்லைச் சமையலறையிலும் காரிலும் வைத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். எறும்பு சாக்பீஸும் ஸ்பிரேயும் பெரும்பாலும் கண்ணில் படும் எறும்புகளையே கொல்கின்றன. இந்த ஜெல்லோ மெதுவாக வேலை செய்வதால், அதை உண்ட வேலைக்கார எறும்பு உயிரோடு புற்றுக்குத் திரும்பி, வாயோடு வாய் வைத்து ராணிக்கும் புழுக்களுக்கும் ஊட்டிவிடுகிறது. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால், டைல்ஸ் இடுக்கில் மிளகளவு வைத்ததும் முதலில் கூட்டம் பெருகியது. துளியைச் சுற்றி வட்டமாக நின்று குடித்தன. அந்த நேரத்தில் பதறிப்போய் ஸ்பிரே அடித்தால் காசு வீண். சில நாட்களில் வரிசை மெலிந்து, பிறகு நின்றே போனது.

காரில் அவ்வளவு பலன் இல்லை. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஜெல் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. மரத்தடியில் நிறுத்தும் வண்டிக்குப் புற்று பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும் என்பதால், நிறுத்தும் இடத்தை மாற்றி, சீட்டுக்கு அடியில் சிதறிய பிஸ்கட் தூளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சியெடுத்து, கதவு ரப்பர் இடுக்குகளைத் துடைப்பதே முதல் வேலை. ஜெல் அதற்குப் பிறகுதான்.

இமிடாகுளோபிரிட் தேனீக்களுக்குக் கடும் நஞ்சு என்பதால் பால்கனிப் பூந்தொட்டிகளின் அருகே இதை வைக்கக் கூடாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில், கைக்கு எட்டாத இடுக்குகளில் மட்டுமே வைக்கலாம்.