300-ல் மஞ்சள், 500-ல் சிவப்பு: பிரசவ ரத்தப்போக்கை அளக்கும் டிரேப்

பிரசவத்துக்குப் பின் போகும் ரத்தத்தைப் பிடித்து அளக்கும் இந்த டிரேப், பார்ப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அவ்வளவுதான். இடுப்புக்கு அடியில் போகும் பகுதி அகலமாக இருக்கும். மேசை விளிம்பிலிருந்து தொங்கும் பகுதி கூம்பாகக் குறுகும். கூம்பில் மில்லிலிட்டர் கோடுகள், இடுப்பில் கட்ட இரண்டு நாடாக்கள். பேட்டரி இல்லை, பழுதாக எதுவும் இல்லை. சுகப்பிரசவம் நடக்கும் ஒவ்வொரு லேபர் ரூமிலும் இது இருந்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் சரியாக விரித்து, கோட்டைப் பார்த்து, உடனே சிகிச்சையில் இறங்கும் இடத்தில்தான் இதற்குப் பலன்.

எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு: கேஸ் ஷீட்டில் "ரத்தப்போக்கு 200 மி.லி." என்று ஏறுவது பெரும்பாலும் கண்ணளவு. துணி குடித்த ரத்தம் கண்ணுக்குப் படாது, வாளியில் விழுந்தது பனிக்குட நீரோடு கலந்துவிடும். கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், கண்ணளவாகச் சொன்ன கணக்கு டிரேப் காட்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இன்னொரு சிக்கல், பிபி நம்மை ஏமாற்றும். கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடுவதால், நல்ல உடல்நிலையில் உள்ள தாய்க்கு ஒரு லிட்டர் போனபிறகும் பிபி இறங்காமல் இருக்கலாம். இறங்கும்போது நேரம் கடந்திருக்கும்.

2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வுதான் இந்த டிரேப்புக்கு வலுவான சான்று. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்தது. வழக்கமான முறையில், அதிக ரத்தப்போக்கு ஏற்பட்ட தாய்மாரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே அது கண்டுபிடிக்கப்பட்டது. டிரேப் வைத்த இடங்களில் அது 93 சதவீதம். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவை செய்ய நேர்வது, உயிரிழப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 4.3 சதவீதம் 1.6 ஆகக் குறைந்தது. இந்தப் பெருமை முழுவதும் பிளாஸ்டிக்குக்குச் சேராது. ரத்தம் கோட்டைத் தொட்டவுடன் ஐந்து வேலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்தே செய்தார்கள்: கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்தான ஆக்ஸிடோசின், ரத்தம் உறைய உதவும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் 10 நிமிடத்தில் நரம்பு வழியாக, ட்ரிப், கிழிசலும் நஞ்சுக்கொடியின் துண்டும் இருக்கிறதா என்ற பரிசோதனை. அதற்கும் அடங்காவிட்டால் பெரிய டாக்டருக்குத் தகவல். ட்ரானெக்ஸாமிக் ஆசிட் பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போக வேண்டும். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருந்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்த ஆம்ப்யூல் என்றால் டிரேப் எவ்வளவு சரியாகக் காட்டினாலும் கர்ப்பப்பை சுருங்காது.

அதிகம் தவறுவது விரிக்கும் நேரத்தில்தான். குழந்தை வெளியே வருவதற்கு முன்பே விரித்தால் பனிக்குட நீர் முழுவதும் கூம்பில் இறங்கி, ரத்தமே போகாத தாய்க்கு 400 காட்டும். குழந்தை பிறந்ததும் நனைந்த துணியை உருவி, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, பிறகு இடுப்புக்கு அடியில் செருகி நாடாவைக் கட்ட வேண்டும். சிறுநீர்ப்பையை முன்னதாகவே காலி செய்துவிடுவது நல்லது. நஞ்சைத் தனித் தட்டில் வாங்க வேண்டும், அது கூம்பில் விழுந்தால் அளவு பொய்யாகிவிடும். ரத்தக் கட்டிகளை எடுத்து எறியக் கூடாது, அவையும் கணக்கில் சேர்ந்தவை. தையல் போடும்போது வழியும் ரத்தமும் அப்படியே. தட்டையான கட்டிலின் நடுவில் தாய் படுத்திருந்தால் கூம்பு தொங்காமல் மடிந்து கிடக்கும். அந்த நிலையில் படிக்கும் எண்ணை நம்ப முடியாது, பையை நிமிர்த்திப் பிடித்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அளவு, கர்ப்பப்பையின் இறுக்கம், நாடி, பிபி நான்கையும் பார்த்து எழுத வேண்டும். தையல் முடிந்ததும் டிரேப்பைச் சுருட்டிப் போடும் பழக்கம் ஆபத்தானது.

வாங்கும்போது 300 மி.லி.-ல் மஞ்சள் கோடும் 500 மி.லி.-ல் சிவப்புக் கோடும் உள்ளதைக் கேளுங்கள். ஒரே நிறத்தில் கோடுகள் மட்டும் இருப்பவை இரவு வெளிச்சத்தில் ரத்தத்தோடு மறைந்துவிடும். 500 வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2025-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, ரத்தம் 300-ஐத் தொட்டு, நாடி 100-ஐத் தாண்டுவது அல்லது மேல் பிபி 100-க்குக் கீழே போவது போன்ற ஒரு அறிகுறி சேர்ந்தாலே சிகிச்சை தொடங்க வேண்டும். புதிய பேட்ச் வந்ததும் ஒன்றைப் பிரித்துத் தொங்கவிட்டு, அளவு ஜாடியில் 300, 500 மி.லி. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கோடு நன்றாகத் தள்ளிப்போனாலோ அடித் தையலில் கசிந்தாலோ அந்த பேட்சைத் திருப்பி அனுப்புங்கள். கழுவி மறுபடி பயன்படுத்தவே கூடாது: தொற்று ஒருபுறம், கோடு அழிவது மறுபுறம்.

குறைகளும் உண்டு. குத்தவைத்தோ நின்றோ பிரசவிக்க விரும்பும் பெண்ணுக்கு இது வசதிப்படாது. சிசேரியனுக்கு உதவாது. கர்ப்பப்பைக்குள்ளேயே ரத்தம் தேங்கினாலும், பிறப்புறுப்புச் சுவருக்குள் ரத்தம் கட்டினாலும் கூம்பு கிட்டத்தட்ட காலியாகவே இருக்கும். தாய் வெளிறி, நாடி ஏறி, வலி தாங்க முடியவில்லை என்றால் டிரேப்பை மறந்துவிட்டுத் தாயைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருக்கும் தாய்க்கு மஞ்சள் கோட்டுக்கு முன்பே ஆபத்து வரலாம். அவருக்கு ரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்தை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

டிரேப் கிடைக்காத நாளில் எடைத் தராசு போதும். உலர்ந்த பேட், துணி, காஸ் (ரத்தம் ஒற்றும் மெல்லிய துணி) எடையைக் குறித்துவைத்து, நனைந்தபின் எடையிலிருந்து கழித்தால் 1 கிராமுக்கு ஏறக்குறைய 1 மி.லி. ரத்தம். டிரேப் இருக்கும்போதும் காஸில் ஊறியதை இப்படி எடைபோட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.