கிளாஸ் 2 வெரிகோஸ் ஸ்டாக்கிங்: மும்பையில் வாங்குவதற்கு முன்

காலில் சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) புடைத்துச் சுருளும் வெரிகோஸ் தொல்லைக்குச் சர்ஜிக்கல் கடையில் ‘வெரிகோஸ் சாக்ஸ்’ என்று கேட்டால் கவுண்டருக்கு வரும் பெட்டி பல நேரம் தப்பான பெட்டி. வெள்ளை நிறமாக, மெல்லிசாக, பாதத்தில் ஒரு ஓட்டையோடு இருந்தால் வாங்காதீர்கள். அது ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கு ரத்தம் உறையாமலிருக்கப் போடுவது. கணுக்காலில் அது தரும் அழுத்தம் சுமார் 18 மி.மீ. பாதரசம். நிற்கும்போது கணுக்கால் சிரைக்குள் ரத்தத்தின் அழுத்தம் 80, 90 வரை ஏறும். தாராவியில் விடியற்காலையிலேயே இட்லிப் பானையோடு நிற்பவருக்கும், கல்யாணிலிருந்து தாதர் வரை ரயிலில் நின்றபடி வருபவருக்கும் 18 போதாது. அவர்களுக்கு டாக்டர் எழுதுவது பெரும்பாலும் கிளாஸ் 2, அதாவது ஜெர்மன் அளவுகோலில் 23 முதல் 32 வரை. பெட்டியில் இந்த எண் அச்சாகியிருக்க வேண்டும். ‘மீடியம் கம்ப்ரஷன்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

அழுத்தம் கணுக்காலில் அதிகமாகவும், மேலே போகப்போகக் குறைந்தும் இருப்பதுதான் இந்தப் பொருளின் உயிர். குழாய் மாதிரி ஒரே அகலத்தில் கிடைக்கும் எலாஸ்டிக் உறையில் அது கிடையாது. தடிமனான கெண்டைக்காலில் இறுகி, மெல்லிய கணுக்காலில் தளர்ந்து கிடக்கும். விலை குறைவு என்பதற்காக அதை எடுப்பது வீண் செலவு.

மும்பைக்கு நாங்கள் சிபாரிசு செய்வது முழங்காலுக்குக் கீழே நிற்கும், விரல் திறந்த, குதிகால் மூடிய, பருத்தி கலந்த ரகம். மைக்ரோஃபைபர் ரகம் பார்க்க அழகு, செருப்புக்குள் மடியாது, சீக்கிரம் காயும். ஆனால் மே மாத வேர்வையில் தோலோடு ஒட்டிக்கொண்டு அரிக்கும். தொடை வரை வரும் ரகத்தை டாக்டர் குறிப்பாக எழுதினால் மட்டும் வாங்குங்கள். மேல் பட்டையில் உள்ள சிலிக்கோன் வேர்வையில் வழுக்கும். சேலைக்குள் அது சுருண்டு இறங்கினால் பொது இடத்தில் சரிசெய்ய வழியில்லை. வாங்கிய இரண்டாவது வாரமே பீரோவுக்குள் போய்விடும். போடாத ஸ்டாக்கிங்கால் என்ன பயன்?

அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வேலை முடிந்து மாலையில் சர்ஜிக்கல் கடைகள் உள்ள பிரின்சஸ் ஸ்ட்ரீட் போய் அங்கேயே அளவு கொடுப்பதுதான் பலரும் செய்வது. அந்த நேரத்தில் கால் வீங்கியிருக்கும், ஒரு சைஸ் பெரிதாக வாங்குவீர்கள், மறுநாள் காலை அது தொளதொளவென்று நிற்கும். காலையில் எழுந்தவுடன் வீட்டிலேயே டெய்லர் டேப்பால் எடுங்கள். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மிக ஒல்லியான இடத்தில் ஒரு சுற்று, கெண்டையில் மிகப் பருத்த இடத்தில் ஒரு சுற்று, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அந்தச் சீட்டைக் கடையில் கொடுத்து, பெட்டியின் பின்னால் உள்ள சென்டிமீட்டர் அட்டவணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். “அண்ணா, உங்க உயரத்துக்கு மீடியம் போதும்” என்று கண்ணால் அளக்கும் கடையில் வாங்காதீர்கள். கணுக்கால் ஒரு சைஸிலும் கெண்டை வேறு சைஸிலும் விழுந்தால், அளவெடுத்துத் தைத்துத் தருபவரிடம் போவதுதான் சரி.

போடும் விதத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. சாதாரண சாக்ஸ் மாதிரி சுருட்டி இழுத்தால் வயதானவர்களால் முடியவே முடியாது. கையை உள்ளே விட்டுக் குதிகால் பையைப் பிடித்து, குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாக அதன் பையில் உட்கார வையுங்கள். இது அரை அங்குலம் விலகினாலும் அழுத்தம் முழுக்க இடம் மாறிவிடும். பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்ட உள்ளங்கையால் நீவிவிடுங்கள். நகத்தால் இழுத்தால் இழை அறும். நீளம் மிஞ்சினால் மேல் விளிம்பை மடித்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது கூடவே கூடாது. மடிப்பில் அழுத்தம் இரட்டித்து, கயிறு கட்டியது போலாகி, அதற்குக் கீழே வீக்கம் கூடும்.

படுக்கையிலிருந்து இறங்கும் முன்பே போட வேண்டும் என்பார்கள். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் அது நடக்காது. தண்ணீர் பிடித்து, குளித்து, காலை நன்றாகத் துடைத்துவிட்டு, தலையணை மேல் காலைத் தூக்கி வைத்து 15 நிமிடம் படுங்கள். வீக்கம் வடிந்ததும் போடுங்கள். இரவு கழற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெயோ வலி நிவாரணிக் களிம்போ தடவுவதை இரவுக்கு ஒதுக்குங்கள், எண்ணெய் பட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் போய்விடும். இரண்டு ஜோடி கட்டாயம் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைந்ததை நாள் முழுக்கப் போட்டிருந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். மிதமான சோப்பில் அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி, ஃபேனடியில் காயப் போடுங்கள். வெயிலும் இஸ்திரியும் ஆகாது.

எல்லோரும் போடக் கூடாது. நடந்தால் கெண்டை வலித்து, நின்றால் வலி அடங்குபவர்கள், பாதம் சில்லென்று இருப்பவர்கள், விரல் கறுத்தவர்கள் முதலில் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைச் சோதிக்க வேண்டும். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்துப் பார்ப்பார்கள். விகிதம் 0.5க்குக் கீழே இருந்தால் ஸ்டாக்கிங்கே கூடாது, 0.8 வரை டாக்டர் மேற்பார்வை வேண்டும். நீண்ட காலச் சர்க்கரை நோயில் தமனி கெட்டியாகி இந்த எண் பொய்யாக உயரும். பாதத்தில் உணர்ச்சியும் குறைந்திருந்தால் புண் வருவதே தெரியாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் கடைக்குப் போகாதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காலின் ஆழத்தில் உள்ள சிரையில் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம்.

இன்னொன்று. நாம் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம். சுருண்டிருப்பது நரம்பு இல்லை, சிரை. உள்ளே வால்வு மூடாததால் ரத்தம் கீழே திரும்பி வழிகிறது. இந்தச் சொல்லை நம்பி நியூரோ டாக்டரிடம் மாதக்கணக்கில் அலைவது பரிதாபம். பார்க்க வேண்டியது வாஸ்குலர் சர்ஜன், அல்லது சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனையின் சர்ஜரி ஓ.பி. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் சிரையின் கசிவை நிற்க வைத்துத்தான் அளக்க வேண்டும். தோலடிச் சிரையில் அரை வினாடிக்கு மேல் ரத்தம் பின்னால் ஓடினால் வால்வு பழுது. படுக்க வைத்து மட்டும் எடுத்த ரிப்போர்ட்டில் கசிவு தப்பிவிடும்.

பழுதான வால்வை எந்த ஸ்டாக்கிங்கும் சரிசெய்யாது. வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கும், கழற்றினால் பழையபடி ஆகும். ஆறாத புண் உள்ளவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. காலை இறுக்கும் அழுத்தக் கட்டோடு சேர்த்துப் பழுதான சிரையையும் சிகிச்சையால் சீக்கிரம் அடைத்தவர்களுக்கு நடுமதிப்பாக 56 நாளில் புண் ஆறியது, தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். கணுக்கால் தோல் கறுத்துத் தடித்துவிட்டது என்றால் ஸ்டாக்கிங்கை மட்டும் நம்பி வருடங்களைக் கடத்தாதீர்கள்.

ஆறு மாதம் தினமும் போட்டால் எலாஸ்டிக் களைத்துவிடும். வெளியே கிழியாததால் யாரும் மாற்றுவதில்லை. கையுறை இல்லாமலே சுலபமாக ஏறத் தொடங்கினால் புது ஜோடி வாங்குங்கள். அப்போதும் காலையில் கணுக்காலை மறுபடி அளந்துவிட்டுப் போங்கள், வீக்கம் வடிந்து சைஸ் மாறியிருக்கும்.