பத்து மாத வயது வித்தியாசம்: குற்றப்பதிவை மூட உதவும் ஓர் இலவச முகாம் பற்றிய மதிப்புரை

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், இளம் வயதில் வழக்கில் சிக்கியவர்களின் குற்றப்பதிவை முத்திரையிட்டு மூட உதவும் இலவசச் சட்ட உதவி முகாம் ஒன்றுக்கு இந்த ஆண்டில் இரண்டு முறை போய்வந்தேன். என் தம்பி மகனையும், அவனுடன் அதே வழக்கில் இருந்த நண்பனையும் அழைத்துக்கொண்டு போனேன். நம் வீடுகளில் இப்படிப்பட்ட செய்தியை நான்கு பேருக்குத் தெரியாமல் பொத்தி வைத்துவிடுகிறோம். யாரிடம் போவது, எவ்வளவு செலவாகும், போனால் என்ன கிடைக்கும் என்று கேட்கக்கூட ஆளில்லாமல் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு கோடையில் ஓர் இரவு, இரண்டு பையன்களும் அடுத்த தெருக்காரருடைய காரை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஓட்டிப் போய் மாட்டிக்கொண்டார்கள். காருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனாலும் அனுமதியின்றி வாகனத்தை எடுத்தது நியூயார்க் சட்டப்படி ஏ வகைச் சிறுகுற்றம். ஒரே நீதிமன்றத்தில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்; சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையுடன் விடும் ஒரே தண்டனைதான் இருவருக்கும் கிடைத்தது. வேறுபாடு வயதில் இருந்தது. அன்றைக்கு என் தம்பி மகனுக்குப் பதினெட்டு வயது. அவன் நண்பன் பத்து மாதம் மூத்தவன், பத்தொன்பது முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன.

நியூயார்க்கில் ‘யூத்ஃபுல் அஃபெண்டர்’ என்று சொல்லப்படும் இளங்குற்றவாளி நிலை, குற்றம் நடந்த நாளில் பத்தொன்பது வயது நிறையாதவர்களுக்கு மட்டுமே உண்டு. முதல் வழக்காகவும் சிறுகுற்றமாகவும் இருந்தால் நீதிபதி அந்த நிலையைத் தந்தே ஆக வேண்டும். அது கிடைத்துவிட்டால் குற்றத் தீர்ப்பு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. வழக்கின் தாள்கள் மூடப்படுகின்றன. பத்தொன்பது வயதை ஒரு நாள் கடந்துவிட்டாலும், அதே நீதிபதி மனமிரங்கினாலும், அதைக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மிச்சிகன் மாநிலத்தில் இதே போன்ற சட்டம் இருபத்தாறு வயது நிறையாதவர்கள் வரை எட்டுகிறது. அங்கே நடந்திருந்தால் இருவரும் ஒரே கதவு வழியாக வெளியே வந்திருக்க வாய்ப்பு இருந்தது என்று முகாமில் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போனது.

முகாமைப் பற்றிச் சொல்கிறேன். முன்பதிவு செய்து ஏழு வாரம் காத்திருந்தோம்; போன அன்றும் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் எங்கள் முறை வந்தபோது, அந்த வழக்கறிஞர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எங்களுக்காகச் செலவிட்டார். நாங்கள் சொன்ன எதையும் அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் ஆல்பனியில் உள்ள மாநிலக் குற்றவியல் நீதிச் சேவைத் துறையிடமிருந்து விரல்ரேகை கொடுத்து ரேப் ஷீட் எனப்படும் முழுக் குற்றப்பதிவை வாங்கி வரச் சொன்னார். அதன் பிறகுதான் பேச்சே. அந்தப் பதிவை இரண்டு வடிவங்களில் கேட்டு வாங்கலாம். ஒன்றில் மூடப்பட்டவையும் சேர்ந்து எல்லாமே இருக்கும். மற்றொன்றில் வேலை தருபவருக்கும் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கும் தெரியக்கூடியது மட்டுமே இருக்கும்.

இரண்டாம் முறை போனபோது அவர் அந்த இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடப்பக்கத்துத் தாளில் கைதான தேதி, காவல் நிலைய எண், சட்டப் பிரிவு, தீர்ப்பு என்று வரிவரியாக இருந்தது. வலப்பக்கத்துத் தாளில் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் கீழே எதுவும் இல்லை. என் தம்பி மகன் அந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்தான். “பெரியப்பா, அப்போ கன்விக்ஷன் இருக்கான்னு கேட்டா நான் பொய் சொல்லாமலே இல்லைன்னு எழுதலாமா?” என்று தமிழில் என்னிடம் கேட்டான், நான் மொழிபெயர்த்ததும் அவர் “எழுதலாம், அதுதான் உண்மை” என்றார். வழக்கு முடிந்து இத்தனை ஆண்டுகளாக குற்றத் தீர்ப்பு உண்டா என்று கேட்கும் கட்டம் வந்த விண்ணப்பத்தையெல்லாம் நிரப்பாமலே மூடி வைத்தவன் அவன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படி ஒரு வெற்றுத்தாள் இருந்தும் அவனுக்குக் கணினிப் பராமரிப்பு வேலை ஒன்று கைநழுவும் நிலைக்கு வந்தது ஏன் என்பதே எங்களை முகாமுக்கு ஓட வைத்த காரணம். வேலை தருபவர்கள் பலர் அரசிடம் கேட்பதில்லை. பின்னணி சரிபார்க்கும் தனியார் நிறுவனங்களிடம் கேட்கிறார்கள். அந்த நிறுவனங்களில் சில, வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் நீதிமன்றத் தகவலை எடுத்துச் சேமித்து வைத்துவிட்டு, பிறகு அது மூடப்பட்டதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பெயரில் கடன் என்று இருந்தாலும் இப்படிப்பட்ட பின்னணி அறிக்கைகளுக்கும் பொருந்தும் 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இங்கே கைகொடுக்கிறது. அறிக்கையைக் காரணம் காட்டி வேலையை மறுக்கும் முன் அதன் நகலை விண்ணப்பித்தவருக்குத் தர வேண்டும். தவறு என்று எழுத்தில் முறையிட்டால், பொதுவாக முப்பது நாட்களுக்குள் விசாரித்துத் திருத்தவோ நீக்கவோ வேண்டும். முகாமின் வழக்கறிஞர் நீதிமன்ற எழுத்தரிடம் வாங்கிய தீர்ப்புச் சான்றை இணைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பத்தொன்பதாம் நாள் திருத்திய அறிக்கை வந்தது. இந்த ஒரு கடிதத்துக்காகவே அந்த முகாமுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இதையே செய்து தருவதாகச் சொன்ன கட்டணச் சேவை ஒன்று, தாளைப் பார்ப்பதற்கு முன்பே எங்களிடம் முன்பணம் கேட்டது.

நண்பனின் நிலை வேறு. அவனுடைய இரண்டு தாள்களிலும் ஒரே வரி இருந்தது. விண்ணப்பித்து மூடும் பழைய வழி 2017 முதல் உண்டு. ஆனால் அதற்குத் தண்டனை நாளிலிருந்து பத்து ஆண்டுகள் கழிய வேண்டும். 2023 நவம்பரில் கையெழுத்தாகி ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த கிளீன் ஸ்லேட் சட்டப்படி, சிறுகுற்றம் என்றால் மூன்று ஆண்டுகள், பெருங்குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு எட்டு ஆண்டுகள் புதிய தண்டனையின்றிக் கழிந்தால் போதும். விண்ணப்பமே வேண்டாம், பதிவு தானாக மூடப்படும். அவனுக்கு மூன்று ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன. ஆனால் பழைய வழக்குகள் அனைத்தையும் தேடி மூடுவதற்கு நீதிமன்ற நிர்வாகத்துக்கு 2027 நவம்பர் வரை காலம் தரப்பட்டிருக்கிறது. தகுதி இருந்தும் பதிவு திறந்தே கிடக்கிறது என்பதை அவனுடைய அம்மாவுக்கு விளக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாரும் அங்கு இல்லை. தொலைபேசி வழியாகத் தருவதாகச் சொன்ன உதவியும் இரண்டு முறையும் கிடைக்கவில்லை. இந்த முகாமில் நான் காணும் பெரிய குறை இதுதான். பிள்ளை தானே பெற்றோருக்கு மொழிபெயர்த்துக்கொள்வான் என்று நினைப்பது, தன் கைது விவரத்தைத் தன் வாயாலேயே தாய்க்கு வரிவரியாகச் சொல்லச் சொல்வதாகும்.

இன்னொரு குறையும் உண்டு. குடியுரிமை நிலையைப் பற்றி நாங்களாகக் கேட்ட பிறகுதான் பேசினார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு முதலில் பேச வேண்டியதே அதுதான். மாநிலம் முத்திரையிட்டாலும் கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அந்தத் தீர்ப்பு அழிவதில்லை. நியூயார்க்கின் இளங்குற்றவாளி நிலையைக் குற்றத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2000ஆம் ஆண்டில் முடிவு செய்தது. நான் பொறாமையோடு நினைத்த மிச்சிகன் சட்டத்தின் கீழ் வருவதையோ, குற்றத் தீர்ப்பாகவே கொள்ளலாம் என்று 2005இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஏற்றுக்கொண்டது. வயது வரம்பு தாராளமாக இருக்கும் இடத்தில் குடியுரிமை இல்லாதவனுக்கு ஆபத்து கூடுகிறது. குடியுரிமைக்கான விண்ணப்பத்திலும், பதிவு மூடப்பட்டிருந்தாலும் கைதைச் சொல்லியே ஆக வேண்டும். வேலை விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று எழுதிய அதே கையால் அங்கேயும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். இதைக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் தனியாகக் கேட்காமல் யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

நண்பனுக்கு ஒரு பள்ளியில், சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கு உதவியாளராக வேண்டும் என்று ஆசை. கிளீன் ஸ்லேட் சட்டம் காவல்துறைக்கும் நீதிமன்றங்களுக்கும் மட்டுமல்லாமல், குழந்தைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் வேலைகளுக்காக விரல்ரேகை கேட்பவர்களுக்கும் மூடிய பதிவைக் காட்டுகிறது. அந்த விதிவிலக்கு வேண்டியதுதான் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் அவன் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வழக்கறிஞர் அவனுக்குப் பொய்யான நம்பிக்கை எதையும் தரவில்லை. 2027ஐக் காட்டி அனுப்பிவிடவும் இல்லை. தண்டனை கொடுத்த நீதிமன்றத்திடமே கேட்டுப் பெறக்கூடிய தகுதியிழப்பு நீக்கச் சான்றிதழ் ஒன்று உண்டு. அது பதிவை மூடாது, ஆனால் இவர் திருந்திவிட்டார் என்ற அனுமானத்தோடு வேலை தருபவர் தொடங்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தும். அதற்கான விண்ணப்பத்தை அன்றே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். கூடவே, திறந்த பதிவு உள்ளவரை வேலைக்கு மறுக்கும் முன் எட்டுக் காரணிகளை எடைபோட வேண்டும் என்று சொல்லும் மாநிலச் சட்டப் பிரிவின் நகலையும் கையில் தந்து, அதில் ஒரு வரிக்கு அடிக்கோடிட்டார்.

குற்றம் நடந்தபோது அந்த நபரின் வயது என்ன என்பது அந்த வரி. பையன் அதை இரண்டு முறை படித்தான். நேர்காணலுக்கு எடுத்துச் செல்லும் கோப்பில் அந்தத் தாளை இப்போது முதலாவதாக வைத்திருக்கிறான்.