எமர்ஜென்சி லைட்டில் பேட்டரி செத்துவிட்டால் எதைப் போடலாம்?

சார்ஜ் நிற்காத எமர்ஜென்சி லைட்டையோ ரீசார்ஜபிள் மேசை ஃபேனையோ பிரித்துப் பார்த்தால், பலவற்றில் உள்ளே 6 வோல்ட், 4.5 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) லெட் ஆசிட், அதாவது ஈய அமில பேட்டரி இருக்கும். எல்.இ.டி.யும் சர்க்யூட்டும் நன்றாகவே இருக்கும், பேட்டரி மட்டும் போயிருக்கும். அதற்காக முழு விளக்கையும் தூக்கிப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என்ன மாற்றினாலும், செல் வாங்கும் முன் உள்ளே இருக்கும் சார்ஜரைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், ஒரு கெப்பாசிட்டர் வழியாக வீட்டு மின்சாரத்தை நேரே எடுக்கும் மலிவு விளக்குகள் உண்டு. பிளக்கில் இருக்கும்போது அவற்றின் பேட்டரி முனையைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். அந்த வகை என்றால் உள்ளே கை வைக்காதீர்கள்.

அதே லெட் ஆசிட் பேட்டரியைத் திரும்பப் போடுவதுதான் எளிது. வயர் மாற்ற வேண்டாம், சார்ஜர் ஒத்துப்போகும், விலையும் குறைவு. ஆனால் முக்கால் கிலோ கனம். கரண்ட் போகாத மாதங்களில் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே மூலையில் கிடந்தால், தகடுகளில் சல்பேட் படிந்து வீணாகிவிடும். பல விளக்குகள் இப்படித்தான் சாகின்றன.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று 1.2 வோல்ட். ஐந்தை வரிசையாக இணைத்தால் சரியாக 6 வோல்ட் வரும். கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் சார்ஜ் நிறைந்ததைக் கண்டுபிடிக்கும் முறை இதற்கு வேறு. லெட் ஆசிட் சார்ஜர் நிறுத்தத் தெரியாமல் ஏற்றிக்கொண்டே போய் செல்லைச் சூடாக்கும். கார்ட்லெஸ் போனுக்கு இது சரி, இங்கே வேண்டாம்.

அடுத்து, எல்லோர் கையும் முதலில் போகும் 18650 (18 மி.மீ. பருமன், 65 மி.மீ. நீளம்) லித்தியம் அயான் செல். இரண்டு செல் போட்டால் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. 6 வோல்ட் விளக்குக்கு அது அதிகம். ஒன்று மட்டும் போட்டால் 3.7 வோல்ட், போதாது. இடையில் கன்வெர்ட்டர் போர்டு வைத்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் வேலை கூடும். அட்டையில் 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 எதையும் நம்பாதீர்கள். நல்ல செல்லிலேயே 3500 சுமாருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

என் தேர்வு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (அயான் அல்ல, இரும்பு என்னும் அயர்ன்). ஒரு செல் 3.2 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 6.4. முழு சார்ஜில் 7.3 வோல்ட், லெட் ஆசிட் ஏறும் அளவுக்கு மிக அருகில். 32700 அளவு செல் 32 மி.மீ. பருமன், 70 மி.மீ. நீளம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழைய பேட்டரி இருந்த குழிக்குள் இடம் மிச்சமாகவே உட்காரும். 6 ஏஎச் கிடைக்கும், கனம் பாதிக்கும் கீழே. சூட்டைத் தாங்குவதிலும் லித்தியம் அயானைவிட இது பாதுகாப்பு. இந்த வேதியியலைக் கண்டறிந்தது ஜான் குடினஃப் குழு. அவருடைய 2019 நோபல் உரையை அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நிகழ்த்தியவர் மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். நினைக்கும்போதே பெருமையாக இருக்கிறது.

விலை கூடுதல்தான், வேலையும் கொஞ்சம் உண்டு. இணைக்கும் முன் இரண்டு செல்லையும் தனித்தனியாக 3.65 வோல்ட் வரை ஏற்றிச் சமமாக்குங்கள். இந்த வகைக்கென்றே உள்ள 2எஸ் பி.எம்.எஸ். (வரிசையாக இணைத்த இரண்டு செல்லை அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் காக்கும் போர்டு) கட்டாயம். லித்தியம் அயானுக்கான போர்டு 8.4 வோல்ட் வரை விட்டுவிடும், அதைத் தவறியும் போடாதீர்கள். செல்லின் முனையில் நேராக சால்டரிங் வைத்தால் உள்ளே சூடு இறங்கிக் கெடும். நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டிங் செய்த செல்லாகவே கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் இதெல்லாம் தேடலாம். சார்ஜரின் வெளியீடு 7.3 வோல்ட்டைத் தாண்டினால், பி.எம்.எஸ்.ஸை மட்டும் நம்பாமல் இடையில் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் போர்டு ஒன்றையும் சேருங்கள்.

மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லை, விளக்கும் எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் என்றால் பழைய வகை லெட் ஆசிட்டே போதும். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் பேட்டரி கடையில் கொடுங்கள். ஈயத்துக்காக வாங்கிக்கொள்வார்கள்.