பழைய ராணுவ மௌசரில் ஒரு மான் வேட்டைத் துப்பாக்கி

டெக்சாஸில் மான் வேட்டை பழகியதிலிருந்தே 7×57 (7 மி.மீ. குண்டு, 57 மி.மீ. நீளக் கூடு கொண்ட தோட்டா) துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று ஆசை. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பியும் இதே தோட்டாதான், பெயர் மட்டும் வேறு. செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோவில் செய்த விஇசட்-24 என்ற பழைய ராணுவ மௌசர் துப்பாக்கியின் ஆக்‌ஷன் (தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட்டும் அது ஓடும் உடல் பகுதியும்) ஒன்று கிடைத்தது, அதில் புது பேரல், வால்நட் கட்டை எல்லாம் போட்டுக் கட்டினேன்.

ராணுவ போல்ட்டின் கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருக்கும், தூக்கினால் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) இடிக்கும், மேலே புரளும் சேஃப்டியும் அப்படித்தான், ஆக இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். ஸ்கோப்புக்குத் துளை போட்ட முதல் கடை சொதப்பிவிட்டது. கோணலான துளைகளைப் பார்த்து வயிறு எரிந்தது. இரண்டாவதாகப் போன துப்பாக்கி மெக்கானிக் 6-48 அளவுத் திருகுக்கான துளைகளை அதைவிடப் பருமனான 8-40 திருகுக்குப் பெரிதாக்கி, நேராக்கி, ஹெட்ஸ்பேஸையும் (போல்ட் முகத்துக்கும் தோட்டா போய் அமரும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளந்து காட்டினார். பொறுமையான மனிதர், தங்கமான கை.

அப்புறம் அந்த போல்ட்! நகம் மாதிரி நீண்ட எக்ஸ்ட்ராக்டர், மேகசினிலிருந்து எழும் தோட்டாவின் அடிவிளிம்பை அப்போதே கவ்விக்கொள்கிறது, வெற்றுத் தோட்டாவை வெளியே வீசும்வரை விடுவதில்லை. மெதுவாகத் தள்ளினாலும் சிக்கவில்லை.

செலவு? கடையில் புதுத் துப்பாக்கியே வாங்கியிருக்கலாம், அதைவிட அதிகம் ஆனது. எனக்கு வருத்தமில்லை. ஆனால் பாகங்களில் பொறித்த வரிசை எண்கள் எல்லாம் பொருந்திய முழு ராணுவத் துப்பாக்கி கையில் இருந்தால் தயவுசெய்து அதை வெட்டாதீர்கள், தனியாகக் கிடக்கும் ஆக்‌ஷனாகத் தேடி வாங்குங்கள்.